விசுவமடுவிலிருந்து வட்ஸ்அப்பில் விலை பேசி வாங்கிய கார்

ஏழு கார் சேல்களுக்கு, அதாவது கார் விற்பனை நிலையங்களுக்கு, ஒரே செய்தியை ஒரே இரவில் அனுப்பினேன். சாவி கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் பதில் தந்தவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் வாங்கினேன். மற்ற ஐந்து பேரும் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். வன்னியில் இப்போது கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதுதான் கூடுதலாக உதவும்.

நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கணவர் வயல் செய்கிறார். அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தரமும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தரமும் கிளினிக்குக்குப் போக வேண்டும். பஸ்ஸில் பரந்தனில் இறங்கி மாறி ஏறுவது அம்மாவால் இப்போது முடியாது. யாழ்ப்பாணம் போய்வர வான்காரருக்கு 16 ஆயிரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். கிளினிக் பிந்தினால் காத்திருப்புக் காசு வேறு.

எங்கள் வீட்டில் கடைசியாக நின்ற கார் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார். 2009 மாசியில் அதை இரணைப்பாலையில் விட்டுவிட்டு நடந்தோம். அதற்குப் பிறகு பதினாறு வருடம் எங்கள் முற்றத்தில் கார் நிற்கவில்லை. அப்பாவும் இப்போது இல்லை.

நாங்கள் தேடியது வாகன் ஆர் ஹைபிரிட், 660 சீசீ. ஜப்பானில் பதிவுசெய்து ஓடாமல் அப்படியே ஏலத்துக்கு வந்த, இங்கே பூச்சிய மைலேஜ் என்று சொல்கிற வண்டி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி 1இல்தான் சாதாரண ஆட்களின் கார்களுக்கும் திறந்தார்கள். ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்த சந்தை திறந்தபோது விலை ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. இக்மன், ரியசேவன என்ற இணைய விளம்பரத் தளங்களில் ஒரே வருடத்து, ஒரே நிறத்து வண்டிக்கு மூன்று இலட்சம் வித்தியாசத்தில் விளம்பரம் பார்த்தேன்.

முதலில் வழமைபோல நேரே போய்த்தான் கேட்டோம். கணவர் வயலால் வந்த கையோடு, சாரமும் சேட்டுமாக, ஒரு விற்பனை நிலையத்துக்குள் போனார். கதிரையில் இருந்த பையன் எழும்பவில்லை. "அண்ணை, இது எழுபதுக்கு மேல போகும்" என்று மட்டும் சொன்னானாம். கணவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. மூன்று ஏக்கர் சொந்த வயலும் ஆறு ஏக்கர் குத்தகையும் செய்கிற மனுசனுக்கு எழுபது இலட்சம் என்றால் எவ்வளவு என்று தெரியாதா?

ஸ்காபரோவில் இருக்கிற தம்பிதான் வழி சொன்னான். "அக்கா, கடைக்குப் போகாதேங்கோ. எல்லாருக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்புங்கோ. கோல் எடுத்தால் எடுக்காதேங்கோ, எழுதச் சொல்லுங்கோ." அவன் அங்கே தன்னுடைய காரை அப்படித்தான் வாங்கினான். ஆறு இடத்துக்கு மின்னஞ்சல் போட்டு, வந்த விலையில் குறைந்ததை மற்றவர்களுக்குக் காட்டிக் குறைப்பித்தான். ஆனால் அவனுக்கு ஒரு வசதி இருந்தது. ஒன்ராறியோவில் 2010 முதல் கார் விற்பவர் விளம்பரத்தில் போடும் விலைக்குள் தன் கட்டணங்கள் எல்லாவற்றையும் அடக்கித்தான் போட வேண்டும். விற்பனை வரியும் இலக்கத் தகட்டுச் செலவும் மட்டும்தான் வெளியே நிற்கலாம். இங்கே விளம்பரத்து விலை வேறு, கடைசியில் கட்டுகிற காசு வேறு. அதனால் தம்பியின் முறையை எடுத்து, கேள்வியைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.

இதுதான் நான் அனுப்பியது: "வாகன் ஆர் ஹைபிரிட், 2024 அல்லது 2025, வெள்ளை அல்லது வெள்ளி நிறம் தேவை. உங்கள் கையில் இருக்கும் வண்டியின் சேசிஸ் நம்பரும் ஏலத் தாளும் அனுப்புங்கள். பதிவு, இலக்கத் தகடு, பத்திரச் செலவு, வேறு எந்தக் கட்டணமும் சேர்த்து, வண்டி என் கைக்கு வரும்போது நான் கட்டியிருக்கும் மொத்தத் தொகை எவ்வளவு? முழுக் காசுக்கும் லீசிங்குக்கும் விலை வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள். ஏழு இடத்தில் கேட்டிருக்கிறேன். பத்து நாளில் முடிவெடுப்பேன்."

ஏலத் தாள் என்பது ஜப்பான் ஏலத்தில் வண்டியின் தரத்தையும் மைலேஜையும் எழுதிக் கொடுக்கிற தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிற மிஸ் இந்தச் செய்தியைச் சிங்களத்தில் எழுதித் தந்தார். தமிழ், சிங்களம் இரண்டையும் ஒன்றாகவே அனுப்பினேன். "ஏழு இடத்தில் கேட்டிருக்கிறேன்" என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார் மிஸ், கோபித்துக்கொள்வார்களாம். நான் எடுக்கவில்லை. உண்மையைத்தானே சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை முதலாம் பாடவேளைக்கு முதலே பதில்கள் வந்துவிட்டன. கொழும்புப் பக்கம் ஒருவர் எழுதவே மாட்டேன் என்று நின்றார். "மிஸ், கோல் பண்ணுங்கோ, நல்ல விலை தருவேன்" என்று குரல் பதிவாக மூன்று. நான் ஒவ்வொரு தரமும் "எழுதி அனுப்புங்கள்" என்று எழுதினேன். நாலாம் தரம் அவர் நிறுத்திவிட்டார். இன்னொருவர் நீல நிறக் குறி விழுந்தும் பதிலே போடவில்லை. வவுனியாவில் ஒருவர் பத்து இலட்சம் முற்பணம் கட்டினால் ஜப்பானில் எடுத்து இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னார். கதைத்த விதம் நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி விலை அன்றைய டொலரையும் யென்னையும் பொறுத்தது என்றார். கண்ணால் காணாத வண்டிக்கு முடியாத விலை எனக்குச் சரிவராது.

நாலாமவரின் பதிலைத்தான் கணவருக்குக் காட்டினேன். விளம்பரத்தில் 71 இலட்சத்து 90 ஆயிரம். நான் மொத்தம் கேட்ட பிறகு வரி வரியாக வந்தது. பதிவும் தகடும் 48 ஆயிரம். பத்திரச் செலவு 35 ஆயிரம். துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த செலவு 25 ஆயிரம். தரை விரிப்பு, கண்ணாடிக்குப் பிலிம், மட்காட் சேர்ந்த பெக்கேஜ் 95 ஆயிரம், அது கட்டாயம். மொத்தத்தை அவர் கூட்டிச் சொல்லவே இல்லை, நான்தான் கூட்டினேன்: 73 இலட்சத்து 93 ஆயிரம். கணவர் பார்த்துவிட்டு, "இது எங்கட நெல்லுக்காரன்ர கணக்கு" என்றார். அறுவடை நேரம் லொறியோடு வருகிறவர் மூட்டைக்கு ஒரு விலை சொல்வார். தராசில் ஏற்றிய பிறகு சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழிவு தொடங்கும். விலையைக் கேட்காதே, கழிவைக் கேள் என்பது எங்கள் பக்கம் வயல்காரர் எல்லாருக்கும் தெரிந்த பாடம். கார் சேலில் கழிக்காமல் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காரின் விலையில் பெரும் பங்கு வரி. நாங்கள் வாங்கிய 2025இல் சுங்க வரி, அதன்மேல் மேல்வரி, எஞ்சின் அளவுக்கு உற்பத்தி வரி, எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு 18 வீத வற் (பெறுமதி சேர் வரி). விலை கூடிய கார் என்றால் சொகுசு வரியும் உண்டு. இவை எதையும் விற்பவரால் குறைக்க முடியாது. அவர் கையில் இருப்பது அவருடைய இலாபமும் இந்தச் சில்லறைக் கட்டணங்களும்தான். அதனால் "ஐந்து இலட்சம் குறையுங்கோ" என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. கேட்கிற இடம் சின்னது, அந்தச் சின்ன இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும்.

ஐந்தாமவரிடம் நான் 50 ஆயிரம் கட்டி மாட்டுப்பட்டேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், இப்படி நடந்த இன்னும் இரண்டு பேரை எனக்கு விசுவமடுவிலேயே தெரியும். அவர் போனில் சொன்ன விலை 71 இலட்சம், எல்லாம் சேர்த்து. கேட்டதும் நெஞ்சு படபடத்தது. "நீர்கொழும்பில் இருந்து ஒருவர் பின்னேரம் வாறார் மிஸ், இப்ப 50 போட்டால் உங்களுக்கு வைப்பேன்" என்றார். பிள்ளைகளுக்கு ஆயிரம் தரம் சொல்வேன், அவசரப்பட்டு விடை எழுதாதே, கேள்வியைத் திரும்ப வாசி என்று. அன்றைக்கு நான் வாசிக்கவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். காசு போடமுதல், "வண்டி எனக்குத் தரப்படாவிட்டால் 50 ஆயிரமும் முழுதாகத் திருப்பித் தரப்படும்" என்று எழுதி, சம்மதமா என்று கேட்டேன். "ஓம் மிஸ், நூறு வீதம்" என்று எழுத்தில் பதில் வந்தது.

இரண்டு நாள் கழித்து, அந்த வண்டி போய்விட்டது, அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது, 73 இலட்சத்து 80 ஆயிரம் என்றார். காசைத் திருப்பிக் கேட்டேன். கணக்கு இலக்கம் பிழை என்றார், சரி என்று திரும்ப அனுப்பினேன். முகாமையாளர் லீவு என்றார். வங்கி லீவு என்றார். பதினெட்டாம் நாளிலிருந்து பதிலே இல்லை. இருபத்திரண்டாம் நாள், அந்த "நூறு வீதம்" இருந்த பக்கத்தைப் படமெடுத்து, வங்கிச் சிட்டையோடு சேர்த்து அனுப்பி, நாளைக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்று எழுதினேன். அடுத்த நாள் பத்து மணிக்குக் காசு வந்து விழுந்தது. அந்த ஒரு வரி எழுத்தில் இல்லையென்றால் 50 ஆயிரமும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த இரண்டு பேர். யாழ்ப்பாணத்தில் ஒருவர், மொத்தம் 74 இலட்சத்து 50 ஆயிரம் என்று எழுதினார். குருநாகலில் ஒருவர், மொத்தம் 73 இலட்சத்து 10 ஆயிரம் என்று எழுதினார். குருநாகல்காரர் முஸ்லிம் அண்ணா, தமிழில் எழுதினார். கேட்காமலே ஏலத் தாளின் இரண்டு பக்கத்தையும், சேசிஸ் நம்பர் தெரிகிற படத்தையும் அனுப்பினார். எம்எச்95எஸ் என்று தொடங்குகிற நம்பர், இந்த மாடலுக்கு வர வேண்டிய தொடக்கம் அதுதான். தாளில் தரம் எஸ், அதாவது புது வண்டிக்குக் கொடுக்கிற தரம், மைலேஜ் 9 கிலோமீற்றர். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் ஏலத் தாளின் மூலப் பிரதியைக் காசுக்கு எடுத்துத் தருகிற இணையச் சேவைகள் இருக்கின்றன. தம்பி அங்கிருந்து கட்டி எடுத்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பேரத்தை அதற்குப் பிறகுதான் தொடங்கினேன். குருநாகல் விலையை, பெயரை மறைத்து, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். அவர் ஒரு மணி நேரத்தில் 73 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு வந்தார். பக்கத்தில் இருக்கிறவர், பிறகு ஏதும் என்றால் ஓடிப் போகலாம் என்று கணவருக்கு அவர்மேல் விருப்பம். எனக்கு அந்த ஏலத் தாளில் கண். குருநாகலுக்கு எழுதினேன்: "யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்தில் 73.60க்குத் தருகிறார்கள். நான் குருநாகல் வந்து எடுக்க வேண்டும், பயணச் செலவு என்னுடையது. 72.25 என்றால் இன்றைக்கே முற்பணம் போடுவேன்."

அவர் உடனே குறைக்கவில்லை. "டீச்சர், அந்த விலைக்கு எனக்கு ஒன்னும் மிஞ்சாது. 72.90 ஆக்கித் தாரேன்" என்று எழுதினார். பிறகு இன்னொரு செய்தி: "நம்ம லீசிங்லயே எடுத்தீங்கன்னா இன்னும் 75 ஆயிரம் கொறைக்கலாம். வட்டி எட்டு வீதம்தான். ஒங்க பேங்க்ல பன்னெண்டு கேப்பாங்க."

உண்மைதான், என் வங்கி 12 வீதம் கேட்டது. எட்டும் பன்னிரண்டும் பக்கத்தில் நின்றால் எவரும் எட்டைத்தான் எடுப்பார்கள். ஆனால் இதைத்தான் நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்த எட்டு, முழுக் கடனுக்கும் ஐந்து வருடமும் மாறாமல் போடுகிற வட்டி, பிளாட் என்பார்கள். வங்கியின் பன்னிரண்டு, கட்டக் கட்டக் குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் போடுகிற வட்டி. எங்களுக்குத் தேவை 30 இலட்சம், 60 மாதம். பிளாட் எட்டு வீதத்தில் ஐந்து வருட வட்டி 12 இலட்சம். மொத்தம் 42 இலட்சத்தை 60ஆல் பிரித்தால் மாதம் 70,000. குறைந்து செல்லும் மீதிக்குப் பன்னிரண்டு வீதத்தில் மாதக் கட்டுப்பணம் 66,733. மாதம் 3,267 ரூபாய் வித்தியாசம். அறுபது மாதத்துக்கு 1 இலட்சத்து 96 ஆயிரத்து 20 ரூபாய். அவர் குறைக்கிற 75 ஆயிரத்தைக் கழித்தாலும் 1 இலட்சத்து 21 ஆயிரம் எனக்கு நட்டம்.

இதை ஒரு கொப்பித் தாளில் எழுதி, படமெடுத்து அவருக்கே அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "டீச்சர், நீங்க பேங்க்லயே எடுங்க" என்று வந்தது. அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. வாகன விலையில் எத்தனை வீதம் மட்டும் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது, அது அவ்வப்போது மாறுகிறது. வாங்குகிற கிழமையில் உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாதிக்கும் குறைவாகவே தேவைப்பட்டதால் அந்தச் சிக்கல் வரவில்லை. மீதிக்குத் தம்பி 20 இலட்சம், எங்கள் சேமிப்பு, முடிந்த இரண்டு சீட்டு, சிறுபோக நெல்.

கடைசிச் சுற்றில் கணவர்தான் கை கொடுத்தார். நான் விலையையே பிடித்துக்கொண்டு நிற்க, அவர் பின்னாலிருந்து, "இஞ்சேரும், மேலதிகச் சில்லு இருக்கோ எண்டு கேளும்" என்றார். கேட்டேன். இல்லை. ஜப்பான் சின்னக் கார்களில் பெரும்பாலும் அப்படித்தானாம். சில்லுக்குப் பதிலாக ஒட்டுகிற திரவப் போத்தலும் சிறிய காற்றுப் பம்பும் வைத்திருப்பார்கள். ஆணி குத்தின சின்ன ஓட்டைக்கு அது போதும். எங்கள் கிரவல் ஒழுங்கைகளில் கல் கிழித்தால் போதாது. ஏ35 வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல், மாரியில் பாதி இடம் பள்ளம். பெற்றோல் செட்டும் ரயர்க் கடையும் சந்திக்குச் சந்தி இருக்கிற ஊர்களுக்குச் செய்த வசதி இது.

அதனால் கேட்பதை மாற்றினேன். 72.25ஐ விட்டேன். "72 இலட்சத்து 60 ஆயிரம், அதோடு ரயர் பூட்டிய மேலதிகச் சில்லு ஒன்று, 155/65ஆர்14, ஜக்கி, சில்லுச் சாவி. பிலிம், விரிப்பு எதுவும் வேண்டாம்" என்று எழுதினேன். இரவு ஒன்பது மணிக்குப் பதில் வந்தது: "சரி டீச்சர்." அவரிடம் இறக்கிக் கழற்றிய சில்லுகள் கிடக்கும், அவருக்கு அதன் பெறுமதி குறைவு. எனக்கு அது வெளியில் வாங்கினால் முப்பதாயிரத்துக்கு மேல். இருவருக்கும் ஒரே பெறுமதி இல்லாத ஒரு சாமானைக் கேட்டால் பேரம் சண்டையில்லாமல் முடியும் என்று அன்றைக்குக் கண்டேன்.

முற்பணம் ஒரு இலட்சம். இந்த முறை தனியாளின் கணக்குக்கு அனுப்பவில்லை. நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைக் கேட்டு, வியாபாரப் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு போட்டேன். சேசிஸ் நம்பர், மொத்தத் தொகை, மேலதிகச் சில்லு, வண்டி பிழை என்றால் முற்பணம் திரும்பும் என்ற நாலையும் கொட்டேசனில் எழுதி, சீல் குத்தி அனுப்பினார். காப்புறுதியும் தங்களுக்குத் தெரிந்த இடத்தில் எடுக்கச் சொன்னார்கள். கிளிநொச்சியில் மூன்று இடத்தில் கேட்டு, குறைந்ததை எடுத்தேன்.

பதிவு முடிந்த செய்தி வந்த பிறகு, ஓகஸ்ட் விடுமுறையில், கிளிநொச்சியிலிருந்து இரவு ரயில் ஏறினோம். விடியப்புறம் குருநாகலில் இறங்கினோம். போய்ச் சேர்ந்ததும் சேசிஸ் நம்பரை வண்டியிலேயே பார்த்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். கணவர் நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தார். ரயரின் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தையும் பாருங்கள், முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். நாலு ரயரும் ஒரே காலத்தவை. மீற்றரில் 11 கிலோமீற்றர். இருக்கையில் பொலித்தீன் உறை கழற்றாமல் இருந்தது. சில்லு கேட்டபடியே பின்னால் கிடந்தது. கட்டிய தொகை 72 இலட்சத்து 60 ஆயிரம். ஒரு சதம் கூடக் கேட்கவில்லை. தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா என்று ஏ9 வீதியால் வந்தோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பரந்தனில் வலப்பக்கம் திரும்பினோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பாட்டுப் பெட்டி முழுதும் ஜப்பான் மொழி. அந்த நாட்டு எஃப்எம் 76 இலிருந்து 95 வரைதான், இங்கே 88 இலிருந்து 108 வரை. அதனால் எங்கள் வானொலிகளில் பல பிடிக்காது, அலைவரிசை மாற்றுகிற சிறு கருவி ஒன்று பூட்ட வேண்டி வந்தது. இது எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கின இடம் தூரம், சின்ன விசயம் ஒன்றுக்கு நேரே போய் நிற்க முடியாது. குருநாகல்காரர் இன்றைக்கும் வட்ஸ்அப்பில் பதில் போடுகிறார், அது பெரிய ஆறுதல். ஆனால் பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருந்து, வித்தியாசம் 50 ஆயிரத்துக்குள் என்றால் பக்கத்திலேயே வாங்கச் சொல்வேன்.

எழுத்தில் விலை பேசுவதற்கு நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஏழு பேரும் என் முகத்தைக் காணவில்லை. சேலையா சாரமா, கொழும்பா விசுவமடுவா என்று பார்த்து விலை சொல்ல அவர்களுக்கு இடமில்லை. பாடம் முடிந்து, சமைத்து, அம்மாவுக்கு மருந்து கொடுத்த பிறகு, யோசித்து யோசித்துப் பதில் எழுத எனக்கு நேரம் இருந்தது. நேரே போயிருந்தால் அந்த எட்டு வீதத்துக்கு அங்கேயே கையெழுத்து வைத்திருப்பேனோ என்னவோ. கணக்குத் தெரிந்த எனக்கும் முன்னால் ஒருவர் சிரித்துக்கொண்டு பேனையை நீட்டும்போது கணக்குப் போட வராது. இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதப்பட்ட விலைகளில் கூடியது 74 இலட்சத்து 50 ஆயிரம், நாங்கள் கட்டியது 72 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டு கிழமை பேரம் பேசிப் பிடித்த மிச்சம் 1 இலட்சத்து 90 ஆயிரம். ஒரு கொப்பித் தாளில் பத்து நிமிடம் வட்டிக் கணக்குப் பார்த்துத் தப்பவைத்தது, அவர் குறைக்க இருந்த 75 ஆயிரத்தைக் கழித்த பிறகும், 1 இலட்சத்து 21 ஆயிரம். வண்டி விலைக்கு மல்லுக்கட்டிவிட்டு லீசிங் படிவத்தைப் பார்க்காமல் ஒப்பம் வைக்கிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வட்டி பிளாட்டா, குறைந்து செல்லும் மீதிக்கா என்று கேளுங்கள். மாதக் கட்டுப்பணத்தை மாதங்களால் பெருக்குங்கள். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள், அது செய்து தரும்.

ஐப்பசியில் ஒரு கிளினிக் நாள், காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். இரவு மழை. ஒழுங்கையின் முடிவில், ஏ35 ஏறுவதற்கு முன்னால், தண்ணிக்குள் கிடந்த கல் முன் சில்லின் பக்கத்தைக் கிழித்துவிட்டது. போத்தல் திரவத்தால் ஒட்டுகிற கிழிசல் இல்லை. கணவர் ஜக்கியை வைத்தார். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். அம்மா கதவைத் திறந்தபடி முன் இருக்கையில் இருந்து, கழற்றிய நட்டு நாலையும் சேலைத் தலைப்பில் வாங்கி முடிந்து வைத்துக்கொண்டார். கிளினிக்கில் எங்களுக்கு ஒன்பதாம் இலக்கம் கிடைத்தது.